மக்கத்து ஷரீஃப் ஹுஸைன்

கிலாஃபத்தின் வீழ்ச்சியைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நம் பெரியவர்கள் ஒரு பெயரைக் கசப்புடன் உச்சரிப்பார்கள். மக்கத்து ஷரீஃப் ஹுஸைன் என்பதே அந்தப் பெயர். துரோகி என்ற ஒரே வார்த்தையில் அவருடைய சரித்திரத்தை முடித்து விடுவோர் நம்மில் அநேகர். அரபு நாடுகள் சிலவற்றிலோ அவரை விடுதலைப் போரின் தந்தை என்று பாட நூல்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒருவரைப் பற்றி இப்படி இரண்டு விதமான தீர்ப்புகள் இருக்கும்போது, தீர்ப்பைத் தூர வைத்துவிட்டு அவருடைய வாழ்க்கையை முதலில் அறிந்து கொள்வதுதான் நியாயம். அதிலே நம் இல்லங்களுக்கும் ஜமாஅத்துகளுக்கும் வேண்டிய பாடம் நிறையவே இருக்கிறது.

உதுமானியப் பேரரசு

முதலில் அந்தப் பேரரசு எப்படிப்பட்டது என்பதைத் தெரிந்து கொள்ள வேண்டும். உதுமானிய ஸுல்தான்களின் ஆட்சி அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. அந்தக் குடையின் கீழே துருக்கியர், அரபியர், குர்துகள், அல்பேனியர், போஸ்னியர், செர்பியர், பல்கேரியர், கிரேக்கர், ஆர்மீனியர் என்று எத்தனையோ இனத்தார் வாழ்ந்தனர். முஸ்லிம்களும் இருந்தனர், கிறிஸ்தவர்களும் யூதர்களும் இருந்தனர். 1517-ல் ஸுல்தான் முதலாம் ஸலீம் எகிப்தை வென்றபோது, மக்காவின் ஷரீஃபும் அவருக்குக் கீழ்ப்படிந்தார். அது முதல் நான்கு நூற்றாண்டுகள் ஹிஜாஸ் உதுமானியர் வசம் இருந்தது. ஆனாலும் புனித நகரங்களின் உள்ளூர் நிர்வாகத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருப்பேரர் ஹஸன் (ரலி) அவர்களின் வழித்தோன்றல்களான ஷரீஃப்மாரிடமே ஸுல்தான்கள் விட்டு வைத்தனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் எழுந்த தேசிய இன உணர்ச்சி இந்தப் பேரரசையும் தொற்றியது. முதலில் கிரேக்கர் பிரிந்தனர். 1878-ல் செர்பியாவும் ருமேனியாவும் மாண்டினீக்ரோவும் தனி நாடுகளாக ஒப்புக் கொள்ளப்பட்டன. 1908-ல் பல்கேரியா முற்றிலும் விலகியது. அதே ஆண்டில் போஸ்னியாவை ஆஸ்திரியா தன்னோடு சேர்த்துக் கொண்டது. 1911-ல் இத்தாலி லிபியாவின் மீது பாய்ந்தது. 1912, 1913 ஆண்டுகளின் பால்கன் போர்களில் ஐரோப்பாவிலிருந்த நிலம் பெரும்பாலும் பறிபோயிற்று. முஸ்லிம்கள் மிகுந்த அல்பேனியாவும் 1912-ல் தனியே போயிற்று. அந்தந்த இனம் தனி நாடு கேட்கும்போது, அந்த நிலத்தில் கலந்து வாழ்ந்த மற்ற இனத்தார் எங்கே போவார்கள்? இலட்சக்கணக்கான முஸ்லிம்கள் வீடு வாசலை விட்டு, மாட்டு வண்டிகளில் இஸ்தான்பூலை நோக்கி வந்தார்கள். இந்தச் சூழ்நிலையில்தான் நம் கதாநாயகரின் வாழ்வு நடந்தது.

பிறப்பும் வளர்ப்பும்

ஷரீஃப் ஹுஸைன் இப்னு அலீ 1853-ஆம் ஆண்டை ஒட்டி இஸ்தான்பூல் மாநகரில் பிறந்தார். அவருடைய பாட்டனார் முஹம்மத் இப்னு அப்துல் முஈன் மக்காவின் அமீராகப் பதவி வகித்தவர். சிறு வயதிலேயே மக்காவுக்கு அழைத்து வரப்பட்ட ஹுஸைன், குலத்தாரின் வழக்கப்படி பாலைவன அரபிகளிடையேயும் பழகி வளர்ந்தார். ஒட்டகச் சவாரியும் வேட்டையும் கவிதையும் குலங்களின் வழக்கு வியாஜ்ஜியங்களும் அவருக்கு அத்துப்படி. மார்க்கக் கல்வியும் கற்றார். தம் சிறிய தந்தையின் மகளான அப்திய்யா அம்மையாரை மணந்து அலீ, அப்துல்லாஹ், ஃபைஸல் என்ற மூன்று ஆண் மக்களைப் பெற்றார். பிற்காலத்தில் மற்றொரு மனைவியின் மூலம் ஸைத் பிறந்தார்.

ஷரீஃப் குடும்பத்தினுள் போட்டியும் பூசலும் எப்பொழுதுமே உண்டு. அப்போதைய அமீரான தம் சிறிய தந்தையாருக்கும் ஹுஸைனுக்கும் ஒத்துப் போகவில்லை. 1893-ல் ஸுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது அவரை இஸ்தான்பூலுக்கு வரவழைத்துக் கொண்டார். அரசாங்க ஆலோசனைச் சபையில் உறுப்பினர் பதவி, பாஸ்ஃபரஸ் கரையில் வீடு, மாதச் சம்பளம் எல்லாம் கிடைத்தன. ஆனால் மக்காவுக்குத் திரும்ப அனுமதி மட்டும் கிடைக்கவில்லை. வெளிப்பார்வைக்கு விருந்தாளி, உள்ளபடி கௌரவமான கைதி. இப்படியே பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. தொழுகை, நோன்பு, அமைதியான பேச்சு, எவரிடமும் மனம் திறக்காத சுபாவம் இவற்றால் தலைநகரில் அவருக்கு நல்ல மதிப்பு ஏற்பட்டது.

மக்காவின் அமீர்

1908 ஜூலையில் இளந்துருக்கியர் என்ற அரசியல் கட்சியினர் புரட்சி செய்து, அரசியல் சட்டத்தை மீண்டும் அமலுக்குக் கொண்டு வந்தனர். மக்காவின் அமீர் பதவி அப்போது காலியாயிற்று. 1908 நவம்பரில் ஹுஸைன் அந்தப் பதவிக்கு நியமனம் பெற்றார். ஐம்பத்தைந்து வயதில் தாயகம் திரும்பினார்.

மறு ஆண்டில் ஸுல்தான் அப்துல் ஹமீது பதவியிலிருந்து இறக்கப்பட்டார். பிறகு கலீஃபாவின் பெயர் மட்டும் அரியணையில் இருந்தது. அதிகாரம் கட்சிக்காரர்கள் கையில் போயிற்று. நிர்வாகத்தையெல்லாம் தலைநகரில் குவிப்பதும், அரபு மாகாணங்களின் கச்சேரிகளிலும் பள்ளிகளிலும் துருக்கி மொழிக்கு முதலிடம் கொடுப்பதும் அவர்களுடைய கொள்கையாயிற்று. மார்க்கத்தின் பெயரால் இணைந்திருந்தவர்களை மொழியின் பெயரால் பிரித்துப் பார்க்கும் பழக்கம் மேலிருந்தே தொடங்கியது. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அரபியரின் மனக்குறை முழுவதும் அந்நியர் கிளப்பி விட்டதல்ல. அதற்கு வீட்டுக்குள்ளேயே காரணம் இருந்தது.

ஹிஜாஸ் ரயில்வே மற்றொரு சிக்கல். டமாஸ்கஸிலிருந்து மதீனா முனவ்வரா வரை சுமார் 1,300 கிலோ மீட்டர் நீளத்துக்கு இருப்புப் பாதை 1900-ல் தொடங்கி 1908-ல் முடிந்தது. உலக முஸ்லிம்கள் நன்கொடை திரட்டி அதற்கு அனுப்பினார்கள். இந்திய முஸ்லிம்களும் வாரி வழங்கினார்கள். ஹாஜிகளின் பயணம் எளிதாயிற்று என்று எல்லாரும் மகிழ்ந்தனர். ஆனால் அந்தப் பாதையை மக்கா வரை நீட்டினால் ஒட்டக வாடகையை நம்பிப் பிழைக்கும் குலங்களின் வயிற்றில் அடி விழும். அமீரின் தனி அதிகாரமும் போய்விடும். ஆகவே ஹுஸைன் அதை எதிர்த்தார். இஸ்தான்பூலுக்கும் மக்காவுக்கும் இடையே நம்பிக்கை நாளுக்கு நாள் தேய்ந்தது.

கடிதப் போக்குவரத்து

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. உதுமானிய அரசு ஜெர்மனியின் பக்கம் சேர்ந்தது. நவம்பர் மாதத்தில் கலீஃபாவின் பெயரால் ஜிஹாத் பிரகடனம் செய்யப்பட்டது. மக்காவின் ஷரீஃபும் அதை ஆதரித்து அறிக்கை விட வேண்டும் என்று அரசு எதிர்பார்த்தது. ஹுஸைனோ நழுவினார். ஆங்கிலேயரின் கப்பல்கள் செங்கடலை அடைத்து விட்டால் இந்தியாவிலிருந்தும் எகிப்திலிருந்தும் தானியம் வராது, ஹிஜாஸ் மக்கள் பட்டினி கிடப்பார்கள் என்று காரணம் சொன்னார். அந்தப் பயம் பொய்யானதும் அல்ல.

இதே சமயத்தில் கெய்ரோவிலிருந்த ஆங்கில அதிகாரிகள் அவருக்குத் தூது விட்டார்கள். எகிப்திலும் இந்தியாவிலும் கோடிக்கணக்கான முஸ்லிம்களை ஆண்டு வந்த ஆங்கிலேயருக்குக் கலீஃபாவின் ஜிஹாத் அழைப்பு பெரும் அச்சத்தைத் தந்தது. நபி குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர், அதுவும் கஃபாவின் நிழலில் இருப்பவர், தங்கள் பக்கம் வந்து விட்டால் அந்த அழைப்பின் வேகம் தணிந்து விடும் என்று கணக்குப் போட்டார்கள்.

1915 ஜூலை முதல் 1916 மார்ச் வரை ஹுஸைனுக்கும், எகிப்திலிருந்த ஆங்கில ஹை கமிஷனர் சர் ஹென்றி மக்மஹோனுக்கும் இடையே பத்துக் கடிதங்கள் பரிமாறப்பட்டன. ஹிஜாஸ், சிரியா, இராக் உட்பட அரபு நிலம் முழுவதற்கும் சுதந்திரம் வேண்டும் என்று ஹுஸைன் கேட்டார். 1915 அக்டோபர் 24-ஆம் தேதிய கடிதத்தில் மக்மஹோன் அரபியரின் சுதந்திரத்தை ஆதரிப்பதாக எழுதினார். ஆனால் டமாஸ்கஸ், ஹும்ஸ், ஹமா, ஹலப் ஆகிய ஊர்களுக்கு மேற்கேயுள்ள பகுதிகள் இதில் சேரா என்றும், பிரான்ஸின் உரிமைகளுக்கு உட்பட்டே இந்த வாக்கு என்றும் சில வரிகளை இடையே செருகி வைத்தார். ஃபலஸ்தீன் என்ற சொல்லே அதில் இல்லை. அந்தச் சில வரிகளின் பொருளைப் பற்றிய சண்டை இன்றளவும் ஓயவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு வீட்டை வாங்கினாலும் எல்லை நான்கையும் பத்திரத்தில் எழுதி, சாட்சிகள் கையெழுத்திட்ட பிறகே நாம் பணம் கொடுக்கிறோம். கடன் கொடுக்கல் வாங்கலைக் கூட எழுதிச் சாட்சி வைத்துக் கொள்ளுமாறு குர்ஆன் நமக்குக் கட்டளையிட்டிருக்கிறது. ஒரு பெரும் சமுதாயத்தின் எதிர்காலம் அடங்கிய உடன்படிக்கையில் எல்லைகளைப் போர் முடிந்த பிறகு பேசிக் கொள்ளலாம் என்று ஹுஸைன் விட்டு விட்டார். எதிர்த்தரப்பின் சொல் நாணயத்தை நம்பினார்.

அதே சமயம் சிரியாவில் உதுமானியத் தளபதி ஜமால் பாஷாவின் கை ஓங்கியிருந்தது. 1916 மே 6 அன்று டமாஸ்கஸிலும் பைரூத்திலுமாக அரபுத் தலைவர்கள் இருபத்தொருவர் தூக்கிலிடப்பட்டனர். அவர்களுக்காக மன்றாடிய ஃபைஸலின் வேண்டுகோள் காதில் விழவில்லை. சமரசத்தையே விரும்பியிருந்த ஃபைஸலும் அன்றோடு மனம் மாறினார்.

இதற்குப் பத்தே நாட்களில், மே 16 அன்று, இங்கிலாந்தும் பிரான்ஸும் சைக்ஸ்-பிக்கோ என்ற இரகசிய ஒப்பந்தத்தின் மூலம் அதே அரபு நிலத்தைத் தங்களுக்குள் பங்கு போட்டுக் கொண்டன. ஹுஸைனுக்கு இது தெரியாது.

மக்காவில் துப்பாக்கிச் சத்தம்

1916 ஜூன் 10, ஹிஜ்ரி 1334 ஷஃபான் மாதம். மக்காவிலே தம் மாளிகையிலிருந்து ஷரீஃப் ஹுஸைன் உதுமானியப் பாசறையை நோக்கிச் சுட்டுக் கிளர்ச்சியைத் தொடங்கி வைத்தார். கோடைக்காகப் படையில் பெரும் பகுதி தாயிஃப் சென்றிருந்தது. மிஞ்சியிருந்தவர்கள் அஜ்யாத் கோட்டையிலிருந்து போரிட்டனர். அபயபூமியான அந்தப் புனித நகரில் முஸ்லிமும் முஸ்லிமும் எதிர் எதிரே நின்று சுட்டுக் கொண்டார்கள். பீரங்கிக் குண்டுகள் ஹரம் ஷரீஃபின் வளாகத்திலும் வந்து விழுந்தன. அந்தோ! இதைக் கேள்விப்பட்டு உலக முஸ்லிம்களின் நெஞ்சம் துடித்தது. ஜூலையில் மக்கா முழுவதும் ஹுஸைன் வசமாயிற்று. செப்டம்பரில் தாயிஃப் பணிந்தது.

மதீனா மட்டும் பணியவில்லை. அங்கே தளபதி ஃபக்ரீ பாஷா ரவ்ளா ஷரீஃபை விட்டு அசையமாட்டேன் என்று உறுதியாக நின்றார். நகர மக்கள் பெரும்பாலோர் டமாஸ்கஸ் முதலிய ஊர்களுக்கு அனுப்பப்பட்டு அலைக்கழிந்தனர். ரயில் பாதையை அரபிகளும் ஆங்கில அதிகாரி லாரன்ஸும் சேர்ந்து வெடி வைத்துத் தகர்த்தனர். உலக முஸ்லிம்களின் நன்கொடையால் போட்ட தண்டவாளங்கள் எட்டே ஆண்டுகளில் மணலில் சிதறின. 1918 அக்டோபர் 30-ல் உதுமானிய அரசே போரை நிறுத்தி விட்ட பிறகும், ஃபக்ரீ பாஷா 1919 ஜனவரி வரை மதீனாவை ஒப்படைக்கவில்லை. கடைசியில் சொந்த அதிகாரிகளே அவரைப் பிடித்து ஒப்படைக்க நேர்ந்தது.

ஆங்கிலேயர் ஹுஸைனுக்குத் தங்கமாகப் பணம் அனுப்பினர். ஒரு கட்டத்தில் அது மாதம் இரண்டு இலட்சம் பவுன் வரை உயர்ந்தது. குலங்களின் விசுவாசம் அந்தத் தங்கத்தோடு வந்தது. பின்னால் அந்தத் தங்கத்தோடேயே போயிற்று. 1916 இறுதியில் ஹுஸைன் தம்மை அரபு நாடுகளின் மன்னர் என்று அறிவித்துக் கொண்டார். ஆங்கிலேயரோ ஹிஜாஸின் மன்னர் என்று மட்டுமே ஒப்புக் கொண்டனர். இந்த ஒரு செய்தியே அவருக்கு எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

ஷைகுல் ஹிந்த் அவர்களின் கைது

நம் நாட்டு மதரஸாக்களில் ஹுஸைனின் பெயர் கசந்து போனதற்குத் தனியாக ஒரு காரணமும் உண்டு. தேவ்பந்து தாருல் உலூமின் தலைமை ஆசிரியர் ஷைகுல் ஹிந்த் மௌலானா மஹ்மூத் ஹஸன் (ரஹ்) அவர்கள் இந்திய விடுதலைக்கு உதவி தேடி 1915-ல் ஹிஜாஸ் சென்றிருந்தார்கள். அப்போதுதான் கிளர்ச்சி வெடித்தது. துருக்கியரைக் கண்டித்து, ஷரீஃபின் கிளர்ச்சியை நியாயப்படுத்தும் ஃபத்வா ஒன்றில் கையெழுத்திடும்படி அவர்களிடம் கேட்கப்பட்டது. முஸ்லிம்களை மார்க்கத்தை விட்டு வெளியேற்றும் ஒரு தாளில் கையெழுத்திட அவர்கள் மறுத்து விட்டார்கள்.

1916 இறுதியில் ஷரீஃபின் ஆட்கள் அவர்களைக் கைது செய்து ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தனர். மஸ்ஜிதுன் நபவியில் ஹதீஸ் பாடம் நடத்தி வந்த மௌலானா ஹுஸைன் அஹ்மத் மதனீ (ரஹ்) அவர்களும் மற்றத் தோழர்களும் உடன் சென்றனர். ஜித்தாவிலிருந்து எகிப்து, அங்கிருந்து மால்டா தீவு. மூன்று ஆண்டுகளுக்கு மேல் அந்தக் குளிர்த் தீவில் சிறைவாசம். தோழர்களில் ஹகீம் நுஸ்ரத் ஹுஸைன் அங்கேயே மௌத்தானார். 1920 ஜூனில் பம்பாய் வந்து இறங்கிய ஷைகுல் ஹிந்த் அவர்கள் அதே ஆண்டு நவம்பர் 30 அன்று வஃபாத்தானார்கள். அல்லாஹ்வின் ஹரமில் அடைக்கலம் புகுந்த ஓர் ஆலிமை அந்நியர் கையில் ஒப்படைத்த செயலுக்கு, ஷரீஃபின் பக்கம் சாய்வோராலும் சமாதானம் சொல்ல இயலவில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டிய மற்றொன்றும் இருக்கிறது. 1915 முதல் ஆர்மீனியக் கிறிஸ்தவர்கள் அனடோலியாவிலிருந்து விரட்டப்பட்டுச் சிரியப் பாலைவனத்தில் இலட்சக்கணக்கில் மடிந்தனர். தப்பி வந்தவர்களைத் தங்கள் சொந்த உயிரைப் போலவும் உடைமையைப் போலவும் பாதுகாக்க வேண்டும் என்று ஹுஸைன் 1918-ல் தம் மகனுக்கும் ஒரு குலத் தலைவருக்கும் எழுத்து மூலம் கட்டளையிட்டார். இனச் சண்டையின் வெறி உச்சத்தில் இருந்த காலத்தில், திம்மிகளின் உரிமையைப் பற்றிய ஷரீஅத்தின் கட்டளை அவருக்கு நினைவில் இருந்தது. ஒரு மனிதரின் குற்றத்தை எழுதும் பேனா அவருடைய நன்மையையும் எழுத வேண்டும்.

வெளிப்பட்ட இரகசியம்

1917 நவம்பரில் இரண்டு இடிகள் அடுத்தடுத்து விழுந்தன. ஃபலஸ்தீனில் யூதர்களுக்குத் தேசிய இல்லம் அமைக்க ஆதரவளிப்பதாக நவம்பர் 2 அன்று ஆங்கில அமைச்சர் பால்ஃபர் அறிவித்தார். அதே மாதம் ரஷ்யாவில் ஆட்சியைப் பிடித்த போல்ஷ்விக்குகள் சைக்ஸ்-பிக்கோ ஒப்பந்தத்தை வெளியிட்டு விட்டனர். ஜமால் பாஷா அதைப் பகிரங்கமாக எடுத்துச் சொல்லி, இன்னும் காலம் கடந்து விடவில்லை, திரும்பி வாருங்கள் என்ற கருத்தில் ஃபைஸலுக்குத் தூது அனுப்பினார்.

ஹுஸைன் இதைப் பற்றி ஆங்கிலேயரிடமே விளக்கம் கேட்டார். அவர்கள் மழுப்பலாகப் பதில் எழுதினர். அவர் அதையும் நம்பினார். திரும்பி வருவதற்கு இருந்த கடைசி வாசல் அப்படி அடைபட்டது.

1918 அக்டோபரில் டமாஸ்கஸ் வீழ்ந்தது. ஃபைஸல் நகருக்குள் நுழைந்தபோது மக்கள் மலர் தூவினர். 1920 மார்ச் 8 அன்று அவர் சிரியாவின் மன்னராக அறிவிக்கப்பட்டார். ஏப்ரலில் ஸான் ரெமோ மாநாட்டில் சிரியா, லெபனான் பிரான்ஸுக்கும், இராக், ஃபலஸ்தீன் இங்கிலாந்துக்கும் பொறுப்பாட்சி என்ற பெயரில் வழங்கப்பட்டன. ஜூலை 24 அன்று மைஸலூன் கணவாயில் யூஸுஃப் அல்-அஸ்மா தலைமையில் நின்ற சிறு படையைப் பிரெஞ்சுப் பீரங்கிகள் நசுக்கின. யூஸுஃப் அல்-அஸ்மா ஷஹீதானார். நான்கரை மாத அரசு முடிந்தது. பிறகு ஆங்கிலேயர் 1921-ல் ஃபைஸலை இராக்கிலும் அப்துல்லாஹ்வை ஜோர்தான் நதிக்குக் கிழக்கேயும் அமர்த்தினர்.

ஹுஸைனுக்கு இது ஈடாகத் தோன்றவில்லை. 1921-ல் லாரன்ஸ் ஓர் உடன்படிக்கையைத் தூக்கிக் கொண்டு ஜித்தாவுக்கு வந்தார். பொறுப்பாட்சிகளை, அதாவது ஃபலஸ்தீன் ஆங்கிலேயரிடம் இருப்பதை, ஒப்புக் கொண்டு கையெழுத்திட்டால் பணமும் பாதுகாப்பும் கிடைக்கும். வாரக் கணக்கில் பேச்சு நடந்தும் கிழவர் கையெழுத்திடவில்லை. தங்கம் வருவது நின்று போயிற்று. கஜானா காலியாயிற்று. கிழக்கே ஸுஊதுகளின் படை வலுத்துக் கொண்டிருந்தது. அவர் அப்படியும் இணங்கவில்லை. ஃபலஸ்தீனைத் தம் கையால் எழுதிக் கொடுத்தார் என்ற பழி அவர் மீது இல்லை. தம் வாழ்நாளில் மிகப் பெரிய தவறைச் செய்தவர், அந்தத் தவறின் பலனை அனுபவிக்கும் வேளையில் உறுதியாக நின்றார்.

கிலாஃபத் பிரகடனமும் வீழ்ச்சியும்

இதற்கிடையே இந்தியாவில் கிலாஃபத் இயக்கம் கொழுந்து விட்டெரிந்தது. மௌலானா முஹம்மத் அலீ, ஷௌகத் அலீ சகோதரர்களின் தலைமையில் ஊர் ஊராகக் கூட்டங்கள் நடந்தன. காந்தியடிகளும் ஷௌகத் அலீயும் 1920 ஆகஸ்டில் சென்னைக்கு வந்தனர். நம் மாகாணத்தில் யாகூப் ஹஸன் சேட் போன்ற தலைவர்கள் இதற்காகச் சிறை சென்றனர். ஆனால் 1924 மார்ச் 3 அன்று கிலாஃபத்தை ஒழித்தவர்கள் ஆங்கிலேயர் அல்லர். துருக்கியின் புதிய குடியரசே அதை ஒழித்தது. அரபியர் இனத்தின் பெயரால் விலகினர். துருக்கியரும் இனத்தின் பெயராலேயே கிலாஃபத்தைக் கழற்றி வைத்தனர்.

அப்போது ஜோர்தான் பகுதியில் மகனுடன் தங்கியிருந்த ஹுஸைன், அதே மார்ச் மாதத்தில் தாமே கலீஃபா என்று பைஅத் பெற்றார். இந்தியாவும் எகிப்தும் அதை ஏற்கவில்லை. கலீஃபாவின் படையை எதிர்த்து அந்நியருடன் சேர்ந்தவருக்கு அந்தப் பதவி எப்படிப் பொருந்தும் என்று கேட்டனர். ஹாஜிகள் மீது அவர் விதித்திருந்த வரிகளும், எகிப்து அரசோடு ஏற்பட்ட தகராறும், நஜ்துவாசிகளை ஹஜ்ஜுக்கு வராமல் தடுத்ததும் அவருக்கு எதிராகவே பேசின.

1924 செப்டம்பரில் நஜ்துப் படையினர் தாயிஃபைக் கைப்பற்றினர். அங்கே நூற்றுக்கணக்கான ஊர் மக்கள் வெட்டிக் கொல்லப்பட்டனர். மக்காவில் பீதி பரவியது. ஆங்கிலேயர் இதில் தலையிட மறுத்து விட்டனர். ஜித்தாவின் பெரியவர்கள் கூடிப் பதவி விலகுமாறு ஹுஸைனை வேண்டிக் கொண்டனர். அக்டோபர் 3 அன்று மூத்த மகன் அலீயிடம் ஆட்சியை விட்டு விட்டு அவர் கப்பலேறினார். அதே மாதம் மக்கா சண்டையின்றி நஜ்துப் படையினர் வசமாயிற்று. அலீயும் 1925 டிசம்பரில் ஜித்தாவை விட்டு வெளியேறினார்.

அகபாவில் தங்கியிருந்த ஹுஸைனை 1925-ல் ஆங்கிலப் போர்க் கப்பல் ஒன்று ஸைப்ரஸ் தீவுக்கு ஏற்றிச் சென்றது. இளமையில் ஸுல்தானின் விருந்தாளிக் கைதியாகப் பாஸ்ஃபரஸ் கரையில் இருந்தவர், முதுமையில் ஆங்கிலேயரின் விருந்தாளிக் கைதியாக மத்தியதரைக் கடல் தீவில் இருந்தார். ஷைகுல் ஹிந்த் அவர்கள் அதே கடலின் மற்றொரு தீவில் கழித்த நாட்கள் அவருக்கு நினைவு வந்திருக்குமா என்பதை அல்லாஹ்வே அறிவான். 1930-ல் பக்கவாதம் கண்ட பிறகே மகன் அப்துல்லாஹ்விடம் அம்மானுக்குச் செல்ல விட்டார்கள். 1931 ஜூன் 4 அன்று அங்கே காலமானார்.

இந்தச் சரித்திரம் கூறுவது

ஒரு பெரும் குடை சரிந்தபோது அதன் கீழிருந்த எவருக்கும் நிழல் கிடைக்கவில்லை. 1923-ல் கிரேக்க நாட்டுக்கும் துருக்கிக்கும் இடையே ஏற்பட்ட உடன்படிக்கையால் சுமார் பன்னிரண்டு இலட்சம் கிறிஸ்தவர்களும் நான்கு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவான முஸ்லிம்களும் ஊர் மாற நேர்ந்தது. குர்துகளுக்குத் தனி நாடு கிட்டவில்லை. துருக்கி, இராக், சிரியா என்று புதிய எல்லைகளுக்குள் சிதறுண்டனர். ஃபலஸ்தீன் மக்களின் துயரமோ இன்றும் தீரவில்லை.

தன் இனத்தை நேசிப்பது குற்றமா? இல்லை. நம்மைப் பல கோத்திரங்களாகப் படைத்தது ஒருவரையொருவர் அறிந்து கொள்வதற்காகவே என்று அல்லாஹ் கூறுகிறான். தன் கூட்டத்தாரின் அநியாயத்துக்குத் துணை போவதையே அஸபிய்யத் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். இளந்துருக்கியர் ஆட்சிப் பீடத்தில் இருந்து கொண்டு அந்தத் தவறைச் செய்தனர். ஹுஸைன் அதற்குப் பரிகாரம் தேடப் போய், வேறொரு வாசலில் அதே தவறுக்குள் நுழைந்தார். ஆட்சியாளரின் அநீதியை எதிர்த்துக் குரல் கொடுப்பது வேறு. அதற்காக நாடு பிடிக்கும் அந்நியரின் தங்கத்தை நம்பிக் கூட்டுச் சேருவது வேறு. முன்னதற்கு அவருக்கு நியாயம் இருந்தது. பின்னதற்கு விலையாக, தாம் ஆண்ட மக்காவையே இழந்தார்.

இது மன்னர்களுக்கு மட்டும் உரிய பாடம் என்று எண்ணி விடாதீர்கள். ஒரு மஹல்லாவில் இரண்டு குடும்பங்களுக்குள் மனத்தாங்கல் வருகிறது. நிர்வாகத்தில் இருப்பவர் ஒரு சாராருக்குச் சாதகமாக நடக்கிறார். பாதிக்கப்பட்டவர் ஆலிம்களையும் பெரியவர்களையும் வைத்துப் பேசித் தீர்ப்பதை விட்டு விட்டு, பள்ளிவாசல் விவகாரத்தை நீதிமன்றப் படிக்கட்டில் கொண்டு போய் வைக்கிறார். வழக்கு பத்து ஆண்டுகள் நடக்கிறது. வக்ஃபின் வருமானம் வக்கீல் ஃபீஸுக்கே போகிறது. முடிவில் இரு சாராரும் ஒரே ஸஃப்பில் நின்று தொழ முடியாமல் போகிறது. முதலில் அநீதி செய்த நிர்வாகிக்கும் இதில் பங்கு உண்டு. அவர் இளந்துருக்கியரின் இடத்தில் இருக்கிறார். நியாயமான குறையைக் கேட்காமல் தள்ளுபவரே பிளவின் முதல் கல்லை வைக்கிறார்.

கடைசியாக ஒரு செய்தி. கிலாஃபத்துக்காக வாழ்நாளெல்லாம் போராடிய மௌலானா முஹம்மத் அலீ அவர்கள் 1931 ஜனவரி 4 அன்று லண்டனில் காலமானார்கள். அவர்களின் ஜனாஸா பைத்துல் முகத்தஸுக்குக் கொண்டு வரப்பட்டு, ஹரம் ஷரீஃபின் மேற்குப் புறத்தில் அடக்கம் செய்யப்பட்டது. ஐந்தே மாதங்களில் ஷரீஃப் ஹுஸைனின் ஜனாஸாவும் அம்மானிலிருந்து வந்தது. அவரும் ஹரம் ஷரீஃபின் அதே மேற்குப் புறத்தில்தான் அடங்கியிருக்கிறார். கிலாஃபத்தைக் காக்கத் துடித்தவரும், அதன் படையை எதிர்த்து எழுந்தவரும் ஒரே சுவரை ஒட்டி, ஒரே கிப்லாவை நோக்கிக் கிடக்கிறார்கள். அவர்கள் படுத்திருக்கும் மண் 1967 முதல் அந்நியர் பிடியில் இருக்கிறது.

யா அல்லாஹ்! எங்கள் முன்னோரின் பிழைகளை மன்னித்தருள்வாயாக! எங்கள் உள்ளங்களை ஒன்றாக்கி வைப்பாயாக! ஆமீன்.